டிஓஐ இருந்தும் மேற்கோள் தொடர்பு தெரியாதது ஏன்?

இதழ்ப்பணி: வணக்கம். எங்கள் ஆய்விதழின் கட்டுரைகள் அனைத்துக்கும் கிராஸ்ரெஃப் என்னும் பதிவு அமைப்பின் வழியாக டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாளம்) பெற்றுள்ளோம். ஆயினும் ஓபன்சைட்டேஷன்ஸ் என்னும் திறந்த மேற்கோள் தரவுத்தளத்தில் தேடினால், அவை எந்தெந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டின என்பது தென்படவில்லை. பிடிஎஃப்பில் துணைநூற்பட்டியல் முழுமையாகவே இருக்கிறது.

நூலகத்தார்: பிடிஎஃப்பில் இருப்பது வாசகருக்கானது; டிஓஐ பதியும்போது நீங்கள் கிராஸ்ரெஃபுக்கு அனுப்பும், கணினி படிப்பதற்கான எக்ஸ்எம்எல் கோப்பில் மேற்கோள் பட்டியலும் இருக்கிறதா என்று பாருங்கள். அது கட்டாயமன்று என்பதால் சிறிய இதழ்கள் பலவும் விட்டுவிடுகின்றன. முன்பு பட்டியலை அனுப்பிய பதிப்பகங்கள்கூட அதைப் பொதுப்பார்வைக்குத் திறக்காமல் வைத்திருக்க முடிந்தது. 2017இல் மேற்கோள் தரவைத் திறக்கக் கோரும் ஐ4ஓசி முயற்சி தொடங்கி அழுத்தம் கூடியபின், 2022இல் கிராஸ்ரெஃப் அந்தத் தெரிவையே நீக்கி, தன்னிடம் வரும் மேற்கோள்கள் அனைத்தையும் திறந்துவிட்டது. ஆகவே அனுப்பினாலே போதும். மேற்கோளுக்குரிய டிஓஐயையும் சேர்த்தால் இணைப்பு ஐயமின்றி அமையும்.

தரவாளர்: கட்டுரையாசிரியர்களின் ஓர்சிட் எண்ணையும் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் உரிய தனி அடையாள எண்) விடாதீர்கள். ‘கே. செல்வி’, ‘செல்வி கே.’, ‘செல்வி கந்தசாமி’ மூவரும் ஒருவரே என்பதை எந்த நிரலும் தானாக உறுதிசெய்ய இயலாது (நம் தலைப்பெழுத்து வழக்கம் பட்டியலாளர்களுக்குத் தீராத தலைவலி). ஓர்சிட்டின் 16 இலக்க எண் அதை உறுதிசெய்யும். அதுபோல ஆசிரியர் பணிபுரியும் நிறுவனத்துக்கு ரோர் என்னும் அடையாளம் உண்டு.

இதழ்ப்பணி: மிக்க நன்றி. பழைய இதழ்களுக்கு மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டுமா?

நூலகத்தார்: வேண்டாம். ஏற்கெனவே பதிந்த டிஓஐயின் விவரங்களைப் புதுப்பிக்கக் கிராஸ்ரெஃப் கட்டணம் பெறுவதில்லை. ஓஜேஎஸ் என்னும் இதழ் வெளியீட்டு மென்பொருளைப் பயன்படுத்துவோராயின், மேற்கோள்களை அனுப்புவதற்கான செருகுநிரல் அதிலேயே கிடைக்கும்.