ஏசிஎல் கிழிஞ்சா அல்ட்ராசவுண்ட்ல தெரியுமா தெரியாதா?

டெல்டா பிசியோ (கும்பகோணம்): நம்ம கபடி குரூப்ல மன்னை ரைடர் போட்டதைப் படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. "லிகமெண்ட் கிழிஞ்சா அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும், எம்ஆர்ஐ எல்லாம் காசு புடுங்குற வேலை"ன்னு எழுதிருக்காரு, அதுக்குக் கீழ ஆளாளுக்கு கைதட்டல் வேற. நான் கேக்குறது ஒண்ணுதான். லிகமெண்டுன்னா எலும்போட எலும்பைக் கட்டிப் புடிக்கிற நார், அதுல ஏசிஎல்ங்கிறது முட்டிக்குள்ள தொடை எலும்பையும் கால் எலும்பையும் கட்டுறது. அதை அல்ட்ராசவுண்ட்ல எப்படிய்யா பாப்பீங்க? ரெண்டு எலும்புக்கும் நடுவுல குறுக்கா ஓடுது, முன்னாடி முட்டிச்சில்லு மறைக்குது, அந்த சவுண்ட் எலும்பைத் தாண்டிப் போகாது. பசங்க இதை நம்பி ஸ்கேன் எடுத்துட்டு, நார்மல்னு சொல்லி மறுபடி களத்துல எறங்கி, முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்குற ஜவ்வும் போயி எங்கிட்ட நொண்டிக்கிட்டு வர்றானுங்க.

மன்னை ரைடர்: அண்ணே, நான் கண்ணால பாத்ததைத்தான் எழுதுனேன். கணுக்கால் வெளிப்பக்கம் ஜெல்லைத் தடவி, ஸ்கேன் மிஷினோட கைப்பிடிக் கருவி, அந்த புரோபை வச்சிக்கிட்டே டாக்டர் என் குதிகாலைப் புடிச்சு முன்னாடி இழுத்தாரு. ஸ்கிரீன்ல நூல் நூலா போன வெள்ளைக் கோடு நடுவுல அறுந்து கறுப்பா விலகுச்சு. எம்ஆர்ஐல ஆடாம அசையாம படுத்துக் கெடக்கணும், இப்படி இழுத்துப் பாக்க முடியுமா? லிகமெண்ட் தெரிஞ்சுதா இல்லியா, அதுக்கு பதில் சொல்லுங்க.

டெல்டா பிசியோ: நான் ஏசிஎல் கேட்டேன். ஏசிஎல் தெரியாது.

மன்னை ரைடர்: லிகமெண்ட் தெரியும். நானே பாத்தேன்.

வெண்ணாறு: ரெண்டு பேரும் ஒரே லிகமெண்டைப் பத்தியா பேசுறீங்க? கணுக்கால் வெளிப்பக்கம் இருக்குறதும் முட்டியோட உள்பக்க ஓரத்துல இருக்குற எம்சிஎல்ங்கிற லிகமெண்டும் தோலுக்குக் கிட்டயே இருக்கு, அது நல்லாவே தெரியும். ஏசிஎல் ஆழத்துல இருக்கு. எதுன்னு மொதல்ல பிரிச்சுக்குங்களேன்.

பட்டுக்கோட்டை மாப்ள: எதுக்கு ஸ்கேனு கீனு எல்லாம். எங்க சித்தப்பா வரப்புல வழுக்கி விழுந்து முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு, புத்தூர் கட்டு போட்டாரு, அறுப்புக்கு நடந்தே வந்தாரு.

டெல்டா பிசியோ: மாப்ள, நேர் ரோட்டுல நடக்குறது பெருசில்ல. ஏசிஎல் இல்லாம நடக்கலாம், சட்டுனு திரும்புனாதான் முட்டி நழுவும். ரைடுக்குப் போறவன் திரும்பாம வருவானா? கட்டுப் போட்டா கிழிஞ்சது தெரியாது, அல்ட்ராசவுண்ட் போட்டாலும் ஏசிஎல் தெரியாது. தெரியாது தெரியாது தெரியாது.

குத்தாலம் எக்ஸ்ரே: நான் ஸ்கேன் சென்டர்லதான் வேலை பாக்குறேன். புரோப் கொஞ்சம் சாஞ்சாலே நல்லா இருக்குற லிகமெண்டும் கறுப்பாத்தான் தெரியும், அனிசோட்ரோப்பின்னு பேரு. கை பழகாதவர் பாத்தா அதையே கிழிசல்னு எழுதிருவாரு. இன்னொண்ணு, முட்டியை நல்லா மடக்கி வச்சா ஏசிஎல்லோட கீழ் நுனி கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

மன்னை ரைடர்: ஆங், பாத்தீங்களா! தெரியுமாம்! சென்டர்காரரே சொல்லிட்டாரு. இப்ப என்னா சொல்றீங்க பிசியோ சார்?

டெல்டா பிசியோ: கீழ் நுனிய்யா, கீழ் நுனி! தலைமடைல தண்ணி நிக்கிறதைப் பாத்துட்டு கடைமடை வரைக்கும் பாஞ்சிருச்சுன்னு எழுதுவீங்களா? ஏசிஎல் பெரும்பாலும் கிழியிறது நடுவுலயோ மேல தொடை எலும்புல ஒட்டுற எடத்துலயோதான். முட்டியை லேசா மடக்கி கையாலயே இழுத்துப் பாக்குற லாக்மேன் டெஸ்ட் இருக்கு, பழகுன கைக்கு அதுவே முக்கால்வாசி சொல்லிரும், அப்புறம் எம்ஆர்ஐ.

மன்னை ரைடர்: எம்ஆர்ஐக்கு காசு யாரு, நீங்க குடுப்பீங்களா? நாத்து நடுற நேரம் கூலியை விட்டுட்டு தஞ்சாவூருக்கு அலையச் சொல்றீங்க. கையடக்க அல்ட்ராசவுண்ட் மிஷின் வந்துருச்சு, டோர்னமெண்ட் நடக்குற திடலுக்கே கொண்டாந்தா அங்கேயே பாத்துரலாம்.

குத்தாலம் எக்ஸ்ரே: தம்பி, ஸ்கேன் மிஷினை அப்படி தூக்கிட்டு ஊர் ஊரா போக முடியாது. கருவுல இருக்குறது ஆணா பொண்ணான்னு பாக்குறதைத் தடுக்குற 1994 சட்டம் இருக்கு, ஒவ்வொரு மிஷினும் பதிவு பண்ணிருக்கணும். மாட்டுனா சீல்தான்.

மன்னை ரைடர்: கால் பாக்குறதுக்கும் கரு பாக்குறதுக்கும் என்னா சம்பந்தம்?

குத்தாலம் எக்ஸ்ரே: புரோபை மாத்துனா அதே மிஷின்தான், சட்டத்துக்கு அது தெரியாதா?

டெல்டா பிசியோ: பேச்சை மாத்தாதீங்க. ஏசிஎல் முழுசா தெரியுமா, ஆமாவா இல்லையா?

மன்னை ரைடர்: நீங்க பேசாதீங்க அண்ணே. பொங்கல் மேட்ச்ல எங்க கார்னர் பையன் முட்டியைத் தொட்டுப் பாத்துட்டு "சும்மா சுளுக்கு, எறக்கு"ன்னு சொன்னது யாரு? லாக்மேனு அன்னிக்கு எங்க போனாரு?

டெல்டா பிசியோ: யோவ், நான் ஐஸ் வச்சு உக்கார வைன்னு சொன்னேன். எறக்கி விட்டது உங்க கோச்சு. ரெண்டு பாயிண்டு பின்தங்கி இருந்ததும் உங்களுக்கு கண்ணு மண்ணு தெரியல.

மன்னை ரைடர்: ரெண்டு பாயிண்டா? நாங்க லீடிங்ல இருந்தோம். ஸ்கோர் ஷீட் எங்கிட்ட இருக்கு, போடவா?

டெல்டா பிசியோ: போடுய்யா. ஏசிஎல் போட்டோவையும் சேத்துப் போடு.