பழைய புல்லட்டில் ஃபுட்ரெஸ்டை எடுத்துவிட்டு ஃபுட்போர்டு போடலாமா?

பள்ளத்தூர்_350 கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பச்சி ஓட்டிய 1984ஆம் ஆண்டு என்ஃபீல்டு புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக் என்ற பழைய அமைப்புத்தான். அம்மீட்டர் முள் ஆடுவது உட்பட எல்லாம் சரியாக வேலை செய்கின்றன. நாள்தோறும் காரைக்குடிக்குப் போய் வருவதில் எந்தச் சிரமமும் இல்லை. ஆனால் மாதத்தில் இரண்டு முறை மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது. பிள்ளையார்பட்டி வரைக்கும் சுகமாக இருக்கிறேன். திருப்பத்தூரைத் தாண்டும்போது வலது முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மேலூர் வருவதற்குள் இரண்டு உள்ளங்கால்களும் மரத்துப்போகின்றன. தேநீர் குடிக்க இறங்கினால், காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு வயது 54, உயரம் 5 அடி 11 அங்குலம்.

ஒரு பட்டறையில் இதைச் சொன்னபோது, ஃபுட்ரெஸ்ட் கம்பியையே கழற்றிவிட்டு, வெளிநாட்டுப் பெரிய வண்டிகளில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் நீளமான ஃபுட்போர்டு செய்து மாட்டினால் காலை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் சந்தேகங்கள் எழுந்தன. பலகை வந்துவிட்டால் கியர் லீவருக்கு அடியில் கால்விரலை எப்படி நுழைப்பது? வண்டியைக் கிளப்ப உதைக்கும் கிக்கரை மிதிக்க இடம் இருக்குமா? என் மனைவி பின்னால் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். அவர் கால் வைக்கும் தட்டுக்கு இடைஞ்சல் வருமா? பெரும்பாலும் வேட்டியும் செருப்புமாகத்தான் ஓட்டுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேவகோட்டை_லேத் பதில்:

அண்ணே, உங்கள் கேள்வியில் இரண்டு தொந்தரவுகள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் பிடிப்பது மடக்கின் கோணத்தால் வருவது. உள்ளங்கால் மரப்பது அதிர்வால் வருவது. ஃபுட்போர்டு இவை இரண்டில் எதையும் தானாகத் தீர்ப்பதில்லை. இப்போது ஃபுட்ரெஸ்ட் இருக்கும் அதே உயரத்தில், அதே இடத்தில் பலகையை மாட்டினால் முழங்கால் இப்போது மடங்கும் அளவுக்கே மடங்கும். பலகையால் கிடைக்கும் உண்மையான ஆதாயம், பாதத்தை அரை அடி முன்னே நீட்டவும் பின்னே இழுக்கவும் முடிவதுதான். ஒரே நிலையில் ஒரு மணி நேரம் இருக்கும் மூட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிலை மாறினால் அடங்கியிருக்கும். அந்த ஆதாயம் சிறியதன்று. ஆனால் அதற்கு உங்கள் வண்டியில் கொடுக்க வேண்டிய விலை பெரியது.

பலகை எந்த வண்டிகளில் பிறந்தது என்று பார்த்தாலே இது விளங்கும். அமெரிக்கப் பெரிய வண்டிகளில் அந்தக் காலத்தில் கிளட்ச் காலிலும் கியர் கையிலும் இருந்தன. கிளட்ச் மிதியை முன்பாதத்தாலும் குதிகாலாலும் மாறி மாறி அழுத்த வேண்டும் என்பதால் பாதம் முழுவதும் ஊன்ற ஓர் இடம் தேவைப்பட்டது. ஹார்லி-டேவிட்சன் பெரிய வண்டிகளுக்குக் கால் கியரும் கைக் கிளட்சும் 1952இல்தான் வந்தன; பலகை பழகிப்போனதால் அப்படியே தங்கிவிட்டது. நம் ஊர் வெஸ்பா, லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களிலும் கியரும் கிளட்சும் இடது கைப்பிடியிலேயே இருந்தன; காலுக்குப் பின் பிரேக்கைத் தவிர வேறு வேலை இல்லை. இங்கிலாந்து வண்டிகளின் கதை வேறு. அவற்றில் கால்விரல் கியர் லீவரின் மேலும் கீழும் போய் வர வேண்டும். அதற்குப் பாதம் ஒரு கம்பியின் மேல் சுழன்று திரும்புவதே வசதி. உங்கள் புல்லட் அந்த வழியில் வந்தது.

இனி உங்கள் வலது காலுக்கு வருவோம். முதல் கியருக்கு லீவரை மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். தட்டையான பலகையில் பாதம் படிந்திருக்கும்போது லீவருக்கு அடியில் விரலை நுழைக்க, ஒவ்வொரு முறையும் காலையே தூக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கும். இதற்காகத்தான் பலகை வைத்த வண்டிகளில் முன்னால் ஒன்று, குதிகாலுக்கு ஒன்று என இரண்டு முனை உள்ள கியர் லீவரைப் போடுகிறார்கள். உங்கள் வண்டியிலோ குதிகாலுக்கு ஏற்கெனவே நியூட்ரல் லீவர் இருக்கிறது. நான்காம் கியரில் வந்து நின்றாலும் ஒரே அழுத்தில் நியூட்ரலில் விழும் அந்த வசதியைப் பலிகொடுத்துவிட்டுத்தான் இரட்டை முனை லீவரை அங்கே நுழைக்க முடியும். நானாக இருந்தால் அதை ஒருநாளும் கழற்ற மாட்டேன். கிக்கரும் அதே பக்கம். ஒவ்வொரு முறை உதைப்பதற்கு முன்னும் பலகையை மடக்க வேண்டும். மறந்துபோய் உதைத்தால் கணுக்கால் பலகை விளிம்பில் அடிபடும். சைலன்சர் குழாயும் அந்தப் பக்கத்திலேயே போகிறது என்பதால், பலகைக்கு அடியிலிருந்து செருப்பு வழியாகச் சூடு ஏறும்.

அதிர்வைப் பற்றி ஒரு சொல். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம்) உள்ள ஒற்றைப் பிஸ்டன் எஞ்சின், இடையில் ரப்பரே இல்லாமல் நேரடியாக வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு தகட்டை நீட்டி மாட்டினால் தகடும் சேர்ந்து ஆடும். நீளம் கூடக்கூட நுனியில் ஆட்டம் கூடும். வெளிநாட்டு வண்டிகளில் பலகை இதமாக இருப்பதற்குப் பலகை மட்டும் காரணமன்று. அடியில் ரப்பர் புஷ்ஷும் மேலே தடித்த ரப்பர் விரிப்பும் இருக்கின்றன. ஹார்லியின் நெடும்பயண வண்டிகளில் 1980 முதல் எஞ்சினையே ரப்பரின் மேல்தான் ஏற்றி வைத்தார்கள்.

ஆகவே இரும்பை வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஃபுட்ரெஸ்ட்டுக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன்மேல் வீட்டில் மிச்சமாகக் கிடக்கும் ஆத்தங்குடித் தரைக்கற்களை வைத்து ஃபுட்ரெஸ்ட் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். அதன்மேல் பாதத்தை வைத்து அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பாருங்கள். முழங்கால் எந்த உயரத்தில் அமைதியாகிறதோ அதுவே உங்களுக்கு வேண்டிய அளவு. 5 அடி 11 அங்குலம் என்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது பலகையாக இராது, சீட்டின் உயரமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கானாடுகாத்தான்_வழி பதில்:

தேவகோட்டை அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் பலகைக்காகப் பேச ஒருவராவது வேண்டும். என் வண்டி இடப்பக்கம் கியர் உள்ள பிற்கால 350. செல்ஃப் ஸ்டார்ட்டர் உண்டு என்பதால் கிக்கர் தொந்தரவு எனக்கு இல்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று ஆண்டுகளாக ஃபுட்போர்டில்தான் ஓட்டுகிறேன். குதிகாலால் கியரை மிதித்துப் போவது செருப்புக் காலுக்குப் பெரிய விடுதலை. லீவரைத் தூக்கித் தூக்கிப் பெருவிரலின் மேல்தோல் காய்த்துப்போன காலம் முடிந்துவிட்டது. புதுக்கோட்டைக்குப் போகும் நேர்ச்சாலையில், குதிகாலைப் பலகையின் முன்விளிம்பில் வைத்துக் காலை நீட்டியபடி போகும்போது, வீட்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வருவதுபோல் இருக்கிறது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது வேகத்தடை. ஃபுட்ரெஸ்ட் உடம்புக்கு நேர் கீழே இருப்பதால், தடை வரும்போது அதை ஊன்றி இடுப்பைச் சீட்டிலிருந்து கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம், முழங்கால்களே ஸ்பிரிங்காகிவிடும். பலகையில் கால் முன்னே போய்விடுவதால் எழ முடியாது. முழு அடியும் முதுகுத்தண்டின் அடியில் விழுகிறது. நம் பக்கத்தில் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி வேகத்தடை இருப்பதை நினைத்துப் பாருங்கள். என் முழங்கால் பிழைத்தது. இடுப்பு அதன் பங்கைக் கேட்கிறது.

இரண்டாவது, கால் ஊன்றி நிற்பது. பலகை அகலமானது என்பதால் காலை அதற்கு வெளியே விரித்துத்தான் ஊன்ற வேண்டும். அவசரத்தில் கெண்டைக்கால் பலகையில் இடிக்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை புறப்படும் நாள்களில் அந்தச் சாலையில் நடையர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போய், இரண்டு கெண்டைக்கால்களும் கன்றிப்போய் வீடு திரும்பியிருக்கிறேன். கண்மாய்க் கரையில் சற்று வேகமாக வளைந்தால் பலகை தரையை உரசும். கீல் வைத்து மடங்கும்படி செய்திருந்தால் உரசிவிட்டு மேலே எழும். கீல் இல்லாமல் இறுக்கிய பலகை வண்டியையே நெம்பித் தூக்கிவிடும். பட்டறையில் கீல் இல்லாத பலகை செய்வதாகச் சொன்னால் அன்றோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சுருக்_கருத்து பதில்:

மனைவி உட்காருவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்கு நிலையான கைப்பிடியும் கால்தாங்கியும், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்லும் அந்தத் தடுப்பையும், அதோடு சேர்ந்த தட்டையும், இடப்பக்கப் பலகைக்கு இடம் வேண்டும் என்று தள்ளி மாட்டுவதோ வெட்டுவதோ கூடாது. அதோடு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எதைச் செய்தாலும் போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள்; வண்டியின் ஃபிரேமில் வெல்டிங் வைக்காதீர்கள். நான் சொல்லும் இந்தச் சட்டவிதிகள் ஃபுட்போர்டு, ஃபுட்ரெஸ்ட் இரண்டுக்கும் பொருந்தும்.

பள்ளத்தூர்_350 மீண்டும்:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் செங்கலும் ஆத்தங்குடிக் கல்லும் அடுக்கி வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். ஃபுட்ரெஸ்ட் உயரத்தில் இருபது நிமிடத்திலேயே முழங்கால் பேச ஆரம்பித்தது. மூன்று கல்லை எடுத்ததும் அடங்கிவிட்டது. அளந்தால் ஏறத்தாழ 2 அங்குலம். பிறகு கற்களைப் பழையபடி வைத்துவிட்டு, ஒரு தலையணையை மடித்துச் சீட்டின்மேல் போட்டு உட்கார்ந்தேன். பலன் அதேதான். ஆக, பலகை எண்ணத்தை விட்டுவிட்டேன். சீட்டை உயர்த்துவதா, ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்துவதா என்பதே இப்போது மிச்சமுள்ள கேள்வி. நேர்ச்சாலையில் மட்டும் காலை நீட்ட, கிராஷ் கார்டில் (வண்டி சாய்ந்தால் காக்க முன்னால் மாட்டியிருக்கும் கம்பியில்) ஒரு ஜோடி சிறிய ஃபுட்ரெஸ்ட் மாட்டிக்கொள்ளலாமா என்ற ஆசையும் இருக்கிறது.

தேவகோட்டை_லேத் பதில்:

சீட்டை உயர்த்துங்கள். ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தினால் கியர் லீவரையும் பிரேக் மிதியையும் அதற்கேற்பக் கீழே திருப்பி மாட்ட வேண்டும். வளைவில் உரசும் அபாயமும் கூடும். நல்ல அடர்த்தியான ஃபோமாக வாங்கி, ஓட்டுபவர் இடத்தில் ஒன்றரை அங்குலத்தில் தொடங்குங்கள். ஒரு மாதத்தில் ஃபோம் சற்று அமுங்கும், அதற்குப் பிறகு மீதியைத் தீர்மானிக்கலாம். பின் சீட்டை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் வீட்டில் அவர்களுடைய கால் சேலை கார்டுத் தட்டுக்கு எட்டாமல் தொங்கும்.

மரத்துப்போவதற்கு முதலில் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளையும், சிலிண்டர் ஹெட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் தகட்டையும் இறுக்கிப் பாருங்கள். 40 ஆண்டு வண்டியில் ஒன்றாவது தளர்ந்திருக்கும். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் நகத்தால் அழுத்தினாலும் பதியாத அளவுக்கு இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அகலமான ரப்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. பாதத்தின் பள்ளம் முழுவதும் பாரம் பரவும். மதுரைக்குப் போகும் நாளிலாவது செருப்பை விட்டுவிட்டுத் தடித்த அடியுள்ள ஷூ போடுங்கள்.

கிராஷ் கார்டு ஃபுட்ரெஸ்ட் போடலாம், மடங்கும் வகையாக இருந்தால். ஆனால் இடது காலை அதில் வைத்திருக்கும்போது பின் பிரேக் உங்கள் கையிலும் இல்லை, காலிலும் இல்லை. 1984 வண்டியின் முன் டிரம் பிரேக்கை மட்டும் நம்பி நின்றுவிட முடியாது. அதனால் வலது பக்கம் மட்டும் ஒன்று மாட்டுங்கள். உங்களுக்குப் பிடித்துக்கொள்வதும் வலது முழங்கால்தானே. மாட்டிய பிறகு முதல் 100 கிலோமீட்டரில் கிளாம்ப் போல்ட்டை ஒரு முறை இறுக்கிவிடுங்கள்; இந்த எஞ்சினின் அதிர்வில் அது கட்டாயம் தளரும்.