457 பேர் இருக்குற ஊரும் ஒரு கயித்து உருண்டையும் – நீங்க போன குட்டி ஊர் கதையும் சொல்லுங்க

விச்சிட்டாக்காரி:

என் பொண்ணு நாலாவது படிக்கிறா. நாங்க இருக்குறது அமெரிக்காவுல, கான்சாஸ் ஸ்டேட்ல. ஜனவரி 29 கான்சாஸ் டே, 1861ல இந்த ஸ்டேட் உருவான நாள், அதுக்கு ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட் குடுத்தாங்க. நம்ம ஸ்டேட்ல இருக்குற ஒரு சின்ன ஊரைப் பத்தி உன் வயசுப் பிள்ளைங்களுக்குப் புரியற மாதிரி எழுதணும், அவ்ளோதான். நான் நெட்ல பாத்து எழுதிடலாம்னேன், அவ அப்பா "நேர்ல போய்ப் பாத்துட்டு எழுதட்டும்"னு கிளப்பிட்டார். இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு, சாலினாவைத் தாண்டி வடக்கே போனதே இல்ல, சரின்னு ஒரு சனிக்கிழமை கிளம்பிட்டோம்.

ஊர் பேரு காக்கர் சிட்டி. பேர்லதான் சிட்டி, 2020 சென்சஸ்படி மொத்தம் 457 பேர். என் பொண்ணு முதல் வரியே "எங்க ஸ்கூல்ல இதைவிட அதிகம் பேர் இருக்கோம்"னு எழுதிட்டா. ஊரை ஆரம்பிச்சது 1870ல, நாலு பேர் சேர்ந்து. யார் பேரை வைக்கிறதுன்னு சீட்டாடி முடிவு பண்ணாங்களாம், ஜெயிச்சவர் பேரு காக்கர். இதை ஸ்கூல் ப்ராஜெக்ட்ல எழுதலாமான்னு எனக்கும் அவங்க அப்பாவுக்கும் கார்லயே ஒரு சண்டை.

பெலாய்ட்ங்கிற பக்கத்து ஊரைத் தாண்டி 24ம் நம்பர் ரோட்டுல போனா வயல், தானியம் சேத்து வைக்கிற உசரமான எலிவேட்டர், மறுபடி வயல். திடீர்னு ஊர் வந்துடுது, கண்ணு சிமிட்டினா போயிடும். ரோட்டோரத்துலயே ஒரு கூரை, நாலு பக்கமும் திறந்து கிடக்கு, அதுக்குக் கீழ ஒரு உருண்டை. உருண்டைன்னு சொல்றோம், ஆனா சொந்த வெயிட்லயே கீழ அமுங்கி நம்ம ஊர் பரங்கிக்காய் மாதிரி ஆயிடுச்சு. சுத்தளவே 40 அடிக்கு மேல. கிட்டப் போனா மாட்டுக்கொட்டாய் வாசனை, காய்ஞ்ச வைக்கோலும் எண்ணெயும் கலந்த மாதிரி. தொட்டுப் பாத்தேன், சொரசொரன்னு கையைக் கீறுது, நம்ம கத்தாழை நார்க் கயிறேதான்! வைக்கோல் கட்டு கட்ட இங்க அதைத்தான் யூஸ் பண்ணுவாங்க.

ஃப்ராங்க் ஸ்டோபர்னு ஒரு விவசாயி. கொட்டாய்ல அங்கங்க கிடந்த துண்டுக் கயித்தையெல்லாம் 1953ல சுருட்ட ஆரம்பிச்சிருக்கார். தூக்கிப் போட மனசு வரல, அவ்ளோதான் காரணம் (எங்க அம்மா ரப்பர் பேண்டை டப்பால போட்டு வைப்பாங்களே, அதே கேஸ்). நாலு வருஷத்துல 5,000 பவுண்டு. 1961ல ஊருக்கே குடுத்துட்டார். 1974ல அவர் சாகும்போது 11 அடி விட்டம், 16 லட்சம் அடி கயிறு. மத்த ஊரா இருந்தா அதோட கண்ணாடிப் பெட்டியில வெச்சு பூட்டிருப்பாங்க. இவங்க விடல, ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் ஊரே கூடி கயிறு சுத்துறாங்க, வர்ற போறவங்களும் சுத்தலாம். இப்ப 80 லட்சம் அடியைத் தாண்டிடுச்சு.

நாங்களும் சுத்தினோம். போர்டுல இருந்த நம்பருக்கு போன் பண்ணா கால் மணி நேரத்துல ஒரு வயசான அம்மா கயித்துக் கண்டோட கார்ல வந்து இறங்கினாங்க. ஜனவரிக் காத்து சும்மா அறையுது, எங்களுக்காக இந்தக் குளிர்ல வந்தாங்களேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பழைய கயிறு முனையோட புதுசை முடிச்சுப் போட்டு பொண்ணு கையில குடுத்தாங்க, அவ உருண்டையைச் சுத்தி மூணு ரவுண்டு ஓடினா, மூணாவது ரவுண்டுல கையுறையோட சேத்து சுத்திட்டா, அவிழ்த்து எடுக்கிறதுக்குள்ள சிரிச்சு சிரிச்சு எல்லாருக்கும் கண்ணுல தண்ணி.

நடைபாதையில ஒரு கயிறு போற மாதிரி பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, அது பின்னாடியே போனா கடை ஜன்னல்கள்ல உலகப் புகழ் ஓவியங்களை வரைஞ்சு ஒவ்வொண்ணுலயும் இந்த உருண்டையை நைஸா சொருகியிருக்காங்க. பாதிக் கடை மூடித்தான் கிடக்கு. மூடின கடைன்னு தெரியக்கூடாதுன்னுதான் ஓவியமோன்னு எனக்குத் தோணுச்சு, பொண்ணுகிட்ட சொல்லல.

பனிக்காட்டான்:

அக்கா, இதுக்கு ஒரு பங்காளிச் சண்டை இருக்கு தெரியுமா? நான் மினசோட்டா. மினியாபொலிஸ்ல இருந்து மேற்க ஒரு மணி நேரம் போனா டார்வின்னு ஒரு ஊர், அங்கயும் கயித்து உருண்டை! ஃப்ரான்சிஸ் ஜான்சன்னு ஒருத்தர் 1950ல ஆரம்பிச்சு 29 வருஷம் தனி ஆளா சுத்தியிருக்கார், 17,400 பவுண்டு. உருண்டையா வரணுமேன்னு ரயில்வே ஜாக்கி வெச்சுத் தூக்கித் தூக்கி சுத்தினாராம். எங்களுது கண்ணாடிக்குள்ள இருக்கு, தொட முடியாது. ஒரே ஆள் சுத்தினதுல பெருசு எங்களுது, ஊர் கூடி சுத்தினதுல பெருசு உங்களுது. என் பையன் "அப்ப ஊர் கூடி சுத்துறது சீட்டிங்"ன்னுட்டான், எனக்கு என்னவோ கான்சாஸ் ஆளுங்கதான் புத்திசாலின்னு தோணுது, எங்க உருண்டை 1979ஓட நின்னுபோச்சு.

சோளக்காடு:

வீட்டுக்காரர் டாக்டர், விசாவுக்காக மேற்குக் கான்சாஸ்ல மூணு வருஷம் ஒரு குட்டி ஊர்ல இருந்தோம், ஊர் பேர் வேணாம். முதல் வாரம் கார் ஓட்டும்போது எதிர்ல வர்றவன் எல்லாம் ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலைத் தூக்குறான், என்னடா திட்டுறானான்னு பயந்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அது வணக்கமாம், ஆள்காட்டி விரல்! மூணு வருஷத்துல நானும் பழகிட்டேன், டல்லாஸ் வந்து பழக்கதோஷத்துல தூக்கினா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க.

விச்சிட்டாக்காரி, அந்த ஊர் பக்கத்துலயே வகோண்டா ஏரி இருக்கே, போனீங்களா?

விச்சிட்டாக்காரி:

போனோம், அதை எழுதாம விட்டுட்டேன் பாருங்க. அந்த ஏரிக்கு அடியில ஒரு ஊத்து இருக்கு. உப்புத் தண்ணி ஊத்து, பூர்வகுடி மக்கள் சாமியா கும்பிட்ட இடம், பேருக்கு அர்த்தமே பெரிய ஆவி, அதாவது பெரிய தெய்வம்னுதான். அப்புறம் வெள்ளைக்காரங்க வந்து அங்க வைத்திய விடுதி கட்டினாங்க. 1951ல பெரிய வெள்ளம் வந்ததும் அணை கட்டியே ஆகணும்னு முடிவாகி, 60கள்ல க்ளென் எல்டர் அணை கட்டி ஊத்து, விடுதி எல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. கரையில ஊத்து மாதிரியே ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காங்க. பொண்ணு அதைப் பாத்துட்டு "நிஜமானது எங்கம்மா"ன்னா. ஏரியைக் காட்டினேன். "சாமி உள்ள இருக்கும்போதேவா தண்ணி விட்டாங்க"ன்னு கேட்டா, நானும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ப்ராஜெக்ட்ல உருண்டைக்கு அரைப் பக்கம், ஊத்துக்கு ஒரு பக்கம்.

டீச்சர் ஒரு கேள்வி கேட்டாங்களாம், அவிழ்க்காம எத்தனை அடின்னு எப்படித் தெரியும்னு. ஒவ்வொருத்தர் சுத்தும்போதும் அளந்து எழுதி வைக்கிறாங்க, எங்களுதும் அந்தக் கணக்குல சேர்ந்துடுச்சு. அதனால சார்ட்ல எல்லாமே ஸ்கெட்ச் பேனா, அந்த நம்பர் மட்டும் பென்சில். நாளைக்கே மாறிடுமாம்.

பனிக்காட்டான்:

சீட்டாட்ட மேட்டர் என்ன ஆச்சு அக்கா?

விச்சிட்டாக்காரி:

அதுதான் தலைப்பே. அவ அப்பா ஜெயிச்சிட்டார். போறவங்க பெலாய்ட்லயே சாப்பிட்டுட்டுப் போங்க, நாங்க போன நேரம் எதுவும் திறக்கல, காருக்குள்ள உக்காந்து எலுமிச்சை சாதம்தான்.