ஒரு ஜீன் எப்போது, எங்கே எரிகிறது என்று காட்ட, பச்சையாக ஒளிரும் புரதத்தை அதோடு கோப்பதுதான் ஜி.எஃப்.பி. ரிப்போர்ட்டர். அது உங்களை ஏமாற்றிய அனுபவம் உண்டா?

மீன்காரி:
எட்டு மாதத்தைத் தின்ற கதை இது. ஜீப்ரா மீன் கருவில், 28.5 டிகிரி சூட்டில், சுமார் அரை மணிக்கு ஒரு ஜோடி சோமைட், அதாவது திசுத் துண்டு, உருவாகும். முதுகெலும்பும் தசையும் அதிலிருந்துதான் வரும். வால் முனையில் ஹெர்1 ஜீன் அதே தாளத்தில் எரிந்து எரிந்து அணையும். அதன் புரமோட்டரோடு (ஜீனை எரியவைக்கும் சுவிட்ச்) ஜி.எஃப்.பி.யைக் கோத்து, காலையில் இட்ட முட்டை ஒற்றைச் செல்லாக இருக்கும் அந்த முக்கால் மணிக்குள் ஊசி போட்டு, தேறிய குஞ்சுகளை வளர்த்து, அதுகள் இட்ட முட்டையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்... வால் முழுக்க ஒரே பச்சை. துடிப்பே இல்லை. புரமோட்டர் சொதப்பல் என்று முடிவு கட்டி மறுபடி முதலிலிருந்து.

சீனியர் அக்கா ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "தோசைக்கல்லைத் தொட்டுப் பார்த்து அடுப்பு எரியுதான்னு சொல்றே" என்றார். ஜி.எஃப்.பி. மடிந்து ஒளிரவே நேரம் எடுக்கும். ஒளிர ஆரம்பித்தால் லேசில் போகாது. ஜீன் எரியும்போது எழுதப்படும் நகலான ஆர்.என்.ஏ.வுக்குச் சாயம் போட்டபோது, அதே வாலில் வரி வரியாக அலை! புரதத்தைச் சீக்கிரம் சிதைக்கும் பெஸ்ட் வாலை ஒட்டினாலும் ஆயுள் சுமார் 2 மணி நேரத்துக்குத்தான் இறங்கும். அரை மணித் தாளத்துக்கு அது எம்மாத்திரம்? கடைசியில் ஹெர்1 புரதத்தோடேயே வீனஸ் என்ற ஒளிரும் புரதத்தை ஒட்டிய மீன்தான் கைகொடுத்தது. அந்தப் புரதம் தானாகவே சீக்கிரம் சிதையும், ஒட்டிய வெளிச்சமும் கூடவே போகும்.

ஈக்காரன்:
அக்கா, அதனால்தான் நாங்கள் பழ ஈயில் எம்எஸ்2 முறைக்குப் போனோம். ரிப்போர்ட்டர் ஜீனுக்குள் 24 கொண்டை வளையங்களைச் செருகினால், ஆர்.என்.ஏ. எழுதப்படும்போதே அவை மடியும். அந்த வளையங்களைப் பிடிக்கும் எம்சிபி புரதத்தோடு ஜி.எஃப்.பி.யைக் கோத்தது எம்சிபி-ஜி.எஃப்.பி.; ஏற்கெனவே ஒளிர்ந்தபடி மிதக்கும் அது வந்து ஒட்டி, நியூக்ளியஸுக்குள் ஒரு புள்ளி பளிச்சென்று தெரியும். எழுத்து நின்றால் சில நிமிடத்தில் மறையும். 2013இல் ஹன்ச்பேக் என்ற ஜீனின் ரிப்போர்ட்டரில் இதைக் காட்டினார்கள்: கருவின் தலைப்பக்கம் புள்ளி புள்ளியாக, வால் பக்கம் இருட்டு.

எனக்கு முதல் மாதம் தலைப்பக்கமும் இருட்டுதான். முட்டைத் தோலை நீக்கும் பிளீச்சில் அதிகம் ஊறவிட்டேனோ, லேசர் போயிற்றோ என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் ஈக்களின் கல்யாணத்தையே மாற்றி முடித்திருக்கிறேன். எம்சிபி-ஜி.எஃப்.பி. தாய் முட்டைக்குள் போட்டு அனுப்பும் சீதனம். நான் அதை அப்பன் பக்கம் வைத்திருந்தேன்.

மஞ்சக்கரு:
சின்ன விஷயம்தான். மீன் கருவில் மஞ்சள் கரு தானாகவே ஒளிரும். ஜி.எஃப்.பி. இல்லாத கரு ஒன்றை அதே லேசர், அதே எக்ஸ்போஷரில் எடுத்துக் கழிக்காமல் எண் எதையும் எழுதிவிடாதீர்கள். நான் இன்னும் மேலே போய், கேமராவை ஆட்டோ எக்ஸ்போஷரில் விட்டு 200 கருக்களை அளந்தவன். மங்கலும் பிரகாசமும் எல்லாம் ஒரே அளவு!

மீன்காரி:
ஆட்டோவா? இருங்க, என் பழைய ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.