சீசன் நேரத்தில் எங்கள் தளம் விழுந்த கதை (உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

ஹட்டன்வாசி:

நல்லதண்ணிப் பக்கம் பத்து அறை உள்ள ஒரு தங்குமிடத்தில் நான்தான் கணக்குப்பிள்ளை, கணனிக்காரனும் நான்தான். டிசம்பர் பௌர்ணமிக்குச் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் வெசாக் வரை எங்களுக்குச் சோறு போடுவது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த எங்கள் இணையத்தளம். போன ஜனவரியில் ஒரு காலை அது திறக்கவே இல்லை. தளத்தைத் தன் சேர்வரில் வைத்திருக்கிற ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்டால், "உங்கள் தளம் சேர்வரை முழுசாக இழுக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்றார்கள். யார் யார் வந்தார்கள் என்று சேர்வர் எழுதி வைக்கிற லாக் ஃபைலைப் பார்த்தேன். லாகின் பக்கத்தையும் வெளிச் செயலிகள் தளத்தோடு பேசுகிற எக்ஸ்எம்எல்-ஆர்பிசி ஃபைலையும் எங்கெங்கிருந்தோ ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து அறைக்கு இத்தனை கூட்டமா!

தெரிந்த ஒருவர் சொல்லி கிளவுட்ஃப்ளேர் என்ற இணையக் காவல் சேவைக்குப் போனேன். டொமைனின், அதாவது தளப் பெயரின், நேம்சேர்வரை (அந்தப் பெயரைத் தேடி வருவோருக்கு வழி சொல்வது) அவர்களுடையதாக மாற்றிவிட்டால், வருகிற எல்லோரும் முதலில் அவர்களிடம் போய், சலித்து எடுக்கப்பட்டுத்தான் நம் சேர்வருக்கு வருவார்கள். 2017இலிருந்து இலவசத் திட்டத்திலும் டிடாஸ் தாக்குதலை (பல இடங்களிலிருந்து ஒரேயடியாக மொய்த்துத் தளத்தை விழுத்துவது) அளவு கணக்கில்லாமல் தடுக்கிறார்கள் என்பதால் முதலாளியிடம் காசு கேட்கிற வேலை மிச்சம். வருகிற ஒவ்வொருவரையும் சோதித்துவிட்டு உள்ளே விடுகிற 'அண்டர் அட்டாக்' நிலையைப் போட்டேன். பின்னேரம் தளம் எழுந்துவிட்டது. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை எனக்குத் தலை சுற்றியது, ஏனென்றால் கிளவுட்ஃப்ளேர் பக்கத்தில் வரைபடம் எல்லாம் அமைதி. சேர்வர் மட்டும் மூச்சுத் திணறுகிறது. ஒரு இரவு முழுக்க மண்டையை உடைத்த பிறகுதான் விளங்கியது: எங்கள் மின்னஞ்சலும் அதே சேர்வரில்தான் இருந்தது. மெயிலுக்கான டிஎன்எஸ் பதிவு (பெயருக்குரிய சேர்வரைக் காட்டுவது) கிளவுட்ஃப்ளேர் வழியாகப் போவதில்லை, சேர்வரின் உண்மையான ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் அதன் எண்ணை, ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது. நான் முன்கதவுக்குக் காவல் போட்டேன், தாக்குகிறவர்கள் குசினிப் பக்கத்தால் வந்துவிட்டார்கள்.

செய்தது இவ்வளவுதான். மெயிலை வேறு சேவைக்கு மாற்றினேன். ஹோஸ்டிங் கம்பெனியிடம் கெஞ்சிப் புது ஐபி வாங்கினேன். பழைய ஐபி பழைய டிஎன்எஸ் பதிவுகளில் கிடக்கும், அதை வைத்துக்கொண்டு பிரயோசனமில்லை. பிறகு, கிளவுட்ஃப்ளேர் தன் ஐபி வரிசைகளை வெளிப்படையாகவே போட்டிருக்கிறது, அவற்றிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி சேர்வரின் ஃபயர்வாலை (வருகிற இணைப்புகளை வடிகட்டுவது) இறுக்கினேன். அதன் பிறகு விழவில்லை.

எல்லக்காரி:

அண்ணே, நீங்கள் கதவைத் திறந்து வைத்து மாட்டினீர்கள், நான் பூட்டி வைத்து மாட்டினேன். பதற்றத்தில் இலங்கையைத் தவிர எல்லா நாட்டையும் தடுத்துவிட்டேன். தாக்குதல் அப்படியே நின்றது, முன்பதிவும் நின்றது. நான்கு நாள் ஒருவரும் வரவில்லை. கடைசியில் வருஷா வருஷம் வருகிற ஜெர்மன்காரர் ஒருவர், "மூடிவிட்டீர்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். வெள்ளைக்காரரை நம்பிப் பிழைக்கிற ஊரில் இப்படி ஒரு புத்தி! இப்போது நாட்டுத் தடை லாகின் பக்கத்துக்கு மட்டும்.

பண்டாரவளை தம்பி:

எனக்குத் தலைகீழ். வெளிநாட்டாருக்குத் தளம் திறக்கும், நம் ஊர் ஆட்களுக்கு "நீங்கள் மனிதரா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். காரணம், மொபைல் நெட்வர்க்கில் நிறையப் பேர் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருக்கிறார்கள். அதில் ஒருவருடைய போனில் வைரஸ் இருந்தாலும் எல்லோருக்கும் கெட்ட பெயர். தோட்டத்தில் ஒரு கோடு சிக்னலில் அந்தப் பக்கம் லோட் ஆவதற்குள் ஆள் போய்விடுவார். தவறு என்னுடையதுதான், அந்தக் கேள்வியைத் தளம் முழுக்கப் போட்டிருந்தேன். லாகினுக்கும் பணம் கட்டும் பக்கத்துக்கும் மட்டும் வைத்ததும் சரியாகிவிட்டது.

பதுளை பெரியவர்:

பிள்ளைகளே, டொமைன் கணக்கை யாரும் பேசவில்லையே. 2021 பெப்ரவரி 6 ஞாபகம் இருக்கிறதா? கூகுள் டொட் எல்கே உட்பட எல்கே என்று முடிகிற சில இலங்கை முகவரிகளைத் திறந்தவர்கள் வேறொரு பக்கத்தில் போய் விழுந்தார்கள். அதில் தேயிலைத் தொழிலின் பிரச்சினைகளும் எழுதியிருந்தன. தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு ஆயிரம் ரூபாச் சம்பளம் என்ற பேச்சு மலையகத்தில் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதை வாசித்தபோது எனக்குக் கோபப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை. கூகுளின் சேர்வரை யாரும் தொடவில்லை, டிஎன்எஸ் பதிவைத்தான் மாற்றினார்கள். உங்கள் டொமைன் கணக்கின் பாஸ்வேர்ட் ஒருவன் கையில் போனால், நேம்சேர்வரையே மாற்றிவிடுவான். எந்தக் காவல் சேவையும் அதற்குப் பிறகு நடுவில் இருக்காது. இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) போட்டிருக்கிறீர்களா?

ஹட்டன்வாசி:

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். டொமைன் எங்கள் பெயரிலேயே இல்லை! முதன்முதலில் தளம் செய்துகொடுத்த தம்பியின் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கிறது. அவர் கட்டாருக்குப் போய் நாலு வருஷம். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், இரவு பத்துக்கு மேல் அழைத்துப் பார்க்கிறேன். எடுத்தால் எழுதுகிறேன்.