வெள்ளைப் போரரா, சிவப்புப் போரரா? காபித் தோட்டத்துக்காரங்க அனுபவம் சொல்லுங்க

தாண்டிக்குடி, அரபிகா காபி:
காபித் தண்டைக் குடையற பூச்சி ரெண்டு, நாம ரெண்டையும் போரர்னே சொல்லிப் பழகிட்டோம். ஆனா வெள்ளைப் போரர் வண்டு, சிவப்புப் போரர் அந்துப்பூச்சி. சிவப்பு வந்தா செடியே காட்டிக் கொடுத்துடும். தூர்ல மணி மணியா எச்சம் கொட்டிக் கிடக்கும், நிமிர்ந்து பார்த்தா தண்டுல ஓட்டை. பிளந்தா செக்கச்செவேல்னு புழு.

வெள்ளை அப்படியில்ல. அதோட புழு குடைஞ்ச தூளை வெளியே தள்ளாது. வந்த வழியிலேயே இறுக்கி அடைச்சுட்டு முன்னேறிப் போகும். வெளியே தெரியறது தண்டுல லேசான மேடும், மஞ்சளாகற இலையும்தான். அந்த மேட்டைக் கையால தடவித்தான் கண்டுபிடிக்கணும். வண்டு பறக்கறது ஏப்ரல், மே. மறுபடி அக்டோபர்லேருந்து டிசம்பர். அதனால மார்ச்லயும் செப்டம்பர்லயும் வரிசை வரிசையாத் தடவிப் பார்த்து, பிடிச்ச செடியைப் பிடுங்கி எரிச்சுடறோம். காய்க்கிற செடியைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்?

ஏற்காடு, அரபிகா காபி:
வண்டைப் பார்க்கணும்னா நல்ல வெயில்ல போங்க. கறுப்பு உடம்புல வெள்ளைக் கோடு, ஒரு அங்குலம்கூட இருக்காது, தண்டுல விறுவிறுன்னு ஓடும். நீள்கொம்பு வண்டுக் குடும்பமாம், இதுக்குக் கொம்பு உடம்பைவிடக் குட்டை! அந்துப்பூச்சி ராத்திரியில விளக்குக்கு வந்து சுவத்துல ஒட்டிக்கும். வெள்ளை இறக்கை முழுக்க நீலப் புள்ளி. அழகுதான், இல்லைன்னு சொல்லமாட்டேன்.

வண்டு வெயில் படற தண்டைத் தேடித்தான் முட்டை வைக்கும். பக்கத்துத் தோட்டத்துல நிழலுக்கு நின்ன சில்வர் ஓக் மரத்தை வெட்டி வித்தாங்க. இப்போ பிடுங்கல் அதிகம் அந்தச் சரிவுலதான்.

கூடலூர், ரொபஸ்டா காபி:
எங்களுக்கு வண்டு பெரிய கவலையில்லண்ணே. ரொபஸ்டாவுல நுழைஞ்சாலும் புழு பெரும்பாலும் பிழைக்காது. தலைவலி சிவப்புதான். குடைஞ்ச இளஞ்செடி காத்தடிச்சா மளுக்குன்னு ஒடிஞ்சுடும். ஆனா ஓட்டைக்குக் கீழ, நல்ல கட்டை வர்ற வரைக்கும் வெட்டி எரிச்சா பக்கத்துளிர் வந்துடும், செடி மிஞ்சும். பக்கத்துல தேயிலை இருந்தா அதையும் பாருங்க, இந்தப் புழு அதையும் குடையும்.

தாண்டிக்குடி:
செடி மிஞ்சுதே, நீங்க கொடுத்து வெச்சவங்க தம்பி. வண்டு பட்டை வெடிப்புலதான் முட்டை வைக்கும்கிறதால நாங்க தேங்காய்நார் கையுறை போட்டுத் தண்டைத் தேய்ச்சு விடறோம். கூலிதான் கட்டுப்படியாகல. ஏற்காட்டுக்காரரே, தண்டுல பத்து சதவீதச் சுண்ணாம்புக் கரைசல் அடிக்கறீங்களா? மழைக்கு நிக்குதா?