பேப்பூர் புலிமுட்டில் ஒருநாள் தூண்டில்: கெண்டைக்கு வச்சிருக்கிற கம்பு கடலுக்குப் போதுமா?

கூடலூர்க்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை கோழிக்கோட்டுப் பக்கம் பேப்பூர் புலிமுட்டுக்கு (கடலுக்குள்ள கல்லைக் கொட்டிக் கட்டின அலைதடுப்பு) போய் தூண்டில் போடலாம்னு இருக்கோம். விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, நாடுகாணி இறங்கி, நிலம்பூர் வழியாப் போய், அன்னிக்கு ராத்திரியே வீடு திரும்பணும்.

எமரால்டு அணைப் பக்கம் கெண்டைக்குப் போட்ட பழக்கம் ரெண்டு பேருக்கும் உண்டு, கடல் புதுசு. கையில இருக்கிறது 7 அடி கம்பு ரெண்டு (வீசுற எடை 10–30 கிராம்னு போட்டிருக்கு), 2500 ரீல், 0.25 மி.மீ. நைலான் நரம்பு, 8ஆம் நம்பர் முள். இரைக்கு எப்பவும் புண்ணாக்கும் மைதாவும் பிசைஞ்ச உருண்டைதான். இது அங்க செல்லுமா? எந்த நேரத்துல போடணும்? கிடைச்ச மீனை மலை ஏத்திக் கொண்டு வர்றதுக்குள்ள கெடாம இருக்க என்ன செய்யணும்? கோழிக்கோடு கடற்கரைல இருக்கிற பழைய கடல்பாலத்துல போடலாமான்னும் சொல்லுங்க.

---

ஈயக்குண்டு:

கடல்பாலத்தை மறந்துடுங்க அக்கா. துருப்பிடிச்ச தூண்கள்தான் மிச்சம், ஏறி நிற்கிற நிலையில் அது இல்லை. புலிமுட்டு சரியான தேர்வு.

கம்பு போதும், ஆனால் எல்லா இடத்துக்கும் இல்லை. புலிமுட்டு கடலுக்குள் ஏறக்குறைய 1 கி.மீ. நீள்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் சாலியாற்றின் முகம். ஆற்றுப் பக்கம் 20–30 கிராம் ஈயம் தரையில் நிற்கும், உங்கள் கம்பு அதைத் தாங்கும். கடல் பக்கத்துக்கும் நுனிக்கும் 80 கிராமாவது வேண்டும். அதற்கு 9–10 அடிக் கம்பு, 4000 அல்லது 5000 ரீல். 10–30 கம்பில் 80 கிராம் மாட்டி முழு வீச்சு வீசினால் நுனி வளையத்துக்குக் கீழேயோ இணைப்பிலோ முறியும். ஆகவே ஆற்றுப் பக்கமே நில்லுங்கள்.

0.25 நரம்பை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். வலு போதாது என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கற்களில் சிப்பியும் கொட்டலசும் அப்பிக்கிடக்கும். மீன் ஒரு முறை உரசிக்கொண்டு போனாலே அறுந்துவிடும். 0.35 நைலான் சுற்றுங்கள். 2500 ரீலில் 100 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். 40 மீட்டருக்கு மேல் வீச வேண்டிய வேலை அங்கே இல்லை என்பதால் தாராளம். பிரெய்டு (பின்னல் நரம்பு) வாங்கச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். கல்லில் நைலானைவிட வேகமாக அறுவது அதுதான். போட்டே தீருவேன் என்றால் முன்னால் 2 மீட்டர் 0.50 நைலான் கட்டுங்கள்.

கட்டும் முறை: குளத்தில் போடுகிற மாதிரி ஓட்டை ஈயத்தை நரம்பில் ஓடவிட்டால் அது கல் இடுக்கில் போய் உட்காரும், முள்ளும் அதோடு போகும். இங்கே ஈயம் கடைசியில் தொங்கவேண்டும். 0.35 நரம்பின் முனையில் ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் சிறு வளையம்). அதிலிருந்து 40 செ.மீ. நீளத்துக்கு உங்களிடம் இருக்கிற பழைய 0.25 நரம்பு, அதன் முனையில் ஈயம். ஸ்விவலுக்கு ஒரு சாண் மேலே நரம்பிலேயே ஒரு கண்ணி போட்டு, அதில் 25–30 செ.மீ. கிளை நரம்பும் முள்ளும். ஈயம் மாட்டினால் மெல்லிய 0.25 மட்டும் அறும். முள்ளும் மீனும் கையோடு வரும். ஈயத்துக்குப் பதில் மெக்கானிக் கடையில் தூக்கிப்போடும் பழைய ஸ்பார்க் பிளக், பெரிய நட்டு எதையும் கட்டலாம். ஆளுக்குப் பத்தாவது எடுத்துப்போங்கள், அத்தனையும் போகும்.

மாட்டிக்கொண்டால் கம்பை வளைத்து இழுக்காதீர்கள், முறிவது கம்புதான். கம்பை நேராக நரம்பின் திசையில் நீட்டி, நரம்பை ஒரு மரத்துண்டில் நாலு சுற்றுச் சுற்றி அதைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் விரல் கிழியும்.

இன்னொன்று, டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடும் இறுக்கம். எமரால்டில் கெண்டையை ஓடவிட்டுக் களைக்க வைப்பீர்கள். இங்கே செப்பிலியும் கலவாவும் இரையைக் கவ்விய வேகத்தில் பொந்துக்குள் நுழைந்துவிடும். டிராக்கை 2 முதல் 2.5 கிலோவுக்கு இறுக்குங்கள் (வீட்டிலேயே தொங்கு தராசில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்க்கலாம்). கடித்தவுடன் முதல் மூன்று நாலு சுற்று நிற்காமல் சுற்றவேண்டும். பொந்துக்குள் போய்விட்டால் நரம்பைத் தளர்த்திவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், பல சமயம் அதுவாகவே வெளியே வரும்.

---

ஏத்தம்வத்தம்:

மேலே சொன்ன கட்டு சரியானது. ஆனால் கடலில் பாதி வேலையை நேரம்தான் செய்கிறது.

கடல் ஏறும் ஏற்றத்தின் கடைசி 2 மணி நேரம், அது இறங்கும் வற்றம் தொடங்கும் முதல் 1 மணி நேரம். இந்த 3 மணி நேரத்தில்தான் கற்களை ஒட்டி மீன் மேயும். கடலுக்கு ஓர் ஏற்றமும் ஒரு வற்றமும் சேர்ந்து சுமார் 12 மணி 25 நிமிடம்; மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். பேப்பூர் அல்லது கோழிக்கோட்டுக்கான ஓத அட்டவணையை (ஏற்ற வற்ற நேரப் பட்டியலை) பார்த்து, காலை 9 முதல் 11க்குள் உச்ச ஏற்றம் வருகிற ஞாயிறாகத் தேர்ந்தெடுங்கள். கூடலூரிலிருந்து 4 மணிக்குக் கிளம்பினால் அந்த நேரத்துக்குள் நிதானமாகப் போய் முள் கட்டி நிற்கலாம். நாடுகாணி இறக்கத்தில் இருட்டில் யானை நிற்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஓதத்துக்குப் பயந்து அங்கே வேகம் எடுக்காதீர்கள்.

காலையைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. மேற்குக் கரையில் வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பி நேராக முகத்தில் அடிக்கும். வீச்சின் தூரம் குறையும், மிதவை திரும்பத் திரும்பக் கல்லுக்கே வந்து சேரும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆற்று முகத்தில் இழுப்பு கடுமை. 30 கிராம் உருண்டுகொண்டே போகும். அஷ்டமியை ஒட்டி இழுப்பு குறைவு. நேரமும் இழுப்பும் ஒரே ஞாயிற்றில் ஒத்துவராவிட்டால் நேரத்தையே பாருங்கள். உருண்டைக் குண்டுக்குப் பதில் தட்டை ஈயம் கட்டினால் எடை கூட்டாமலே ஓரளவு நிற்கும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி. பாண்டியாறும் புன்னம்புழையும் சாலியாற்றில் கலந்து, அங்கேதான் வந்து சேர்கின்றன. கூடலூர், நிலம்பூர் பக்கம் இரண்டு நாள் நல்ல மழை என்றால் முகத்துவாரம் செம்மண் நிறத்தில் கலங்கும், உப்பும் குறையும். அப்போது கிழங்கானும் சின்னப் பாறை மீனும் விலகிப்போகும், கெளுத்திதான் மாட்டும். மழை பெய்திருந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கமே வேண்டாம், அலை கல்மேல் ஏறி அடிக்கும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும்: காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், தெற்கே வெகுதூரத்தில் எழுந்த பேரலை திடீரென்று கரை ஏறும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (கடல் தகவல் சேவை மையம்) முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புகிற முந்தின நாள் பார்த்துவிடுங்கள். எந்த மாதமானாலும் போனவுடன் தூண்டிலைப் பிரிக்காமல் 15 நிமிடம் கடலைக் கவனியுங்கள். பெரிய அலை கூட்டமாகத்தான் வரும். அந்தக் கூட்டம் எதுவரை நனைக்கிறதோ அதற்கு மேலே நிற்கவேண்டும். கறுத்து, பச்சையாக வழவழக்கும் கல்லில் கால் வைக்காதீர்கள். மீனை எடுக்க ஒருபோதும் கீழே இறங்கக்கூடாது. நீளக் கைப்பிடி வலை ஒன்று கட்டாயம்.

---

முத்துநகர்:

இரையைப் பத்தி யாரும் சொல்லலையே.

புண்ணாக்கு உருண்டை கடல்ல வேலைக்காகாது. மடவை மட்டும் மைதா மாவுக்கும் ரொட்டிக்கும் வரும். அதுக்கு மிதவை கட்டி 10ஆம் நம்பர் முள் போடணும். மத்த எல்லாத்துக்கும் இறால்தான். பேப்பூர் துறைமுகத்துப் பக்கம் மீன்கடைல காலைல பச்சை இறால் கிடைக்கும், அரைக்கிலோ ரெண்டு பேருக்குப் போதும். தலையைக் கிள்ளிட்டு, வால் பக்கத்துல முள்ளை நுழைச்சு உடம்புக்குள்ளேயே ஓட்டி, முனை வயித்துப் பக்கம் வெளிய தெரியிற மாதிரி விடுங்க. முனையை இறைச்சிக்குள்ள மூடி வச்சா கடிக்கும், மாட்டாது.

சில்லறை மீன் இறாலைக் கொத்திக் கொத்தித் தின்னுட்டா கணவாய்க்கு மாறுங்க. சுண்டுவிரல் நீளத்துக்கு நாடா மாதிரி வெட்டி, ஒரு முனையில மட்டும் ரெண்டு தடவை குத்தணும். லேசுல பிய்க்க முடியாது. மத்தி நல்ல இரைதான், ஆனா சதை இளக்கம். துண்டு போட்டு அரை மணி நேரம் கல்லுப்புல புரட்டி வச்சா இறுகும், அதுக்கப்புறமும் தையல் நூலால ஒரு சுத்து கட்டினாத்தான் வீச்சுக்கு நிக்கும்.

முள்: 8ஆம் நம்பர் கிழங்கானுக்குச் சரி. செப்பிலி, பாறை, கொடுவான்னா 1/0 (அதைவிடப் பெரிய முள்) வேணும். அண்ணன் ஈயக்குண்டு ஓடு ஈயமே வேண்டாம்னுட்டார். கல்லை ஒட்டிப் போட்டா அது சரி. ஆனா ஆத்துப் பக்கம் கல் முடிஞ்சு மணல் தொடங்குற இடத்துல கிழங்கானுக்கு ஓடு ஈயம்தான் மேல். அது சந்தேகப்படுற மீன், கனம் தெரிஞ்சா துப்பிடும். 20 கிராம் போட்டு, நிமிஷத்துக்கு ஒரு சுத்து மெதுவா இழுத்துக்கிட்டே இருங்க.

இப்போ முக்கியமானது. கெண்டையைப் பிடிக்கிற மாதிரி எதையும் கையால அமுக்கிப் பிடிக்காதீங்க. கடல் கெளுத்திக்கு முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, மூணு விஷமுள். ஓரா மீனுக்கு முதுகு, வயிறு எல்லாம் முள். திருக்கைக்கு வாலு. மீனைத் தரையில போட்டு ஈரத்துணியால அமுக்கி, நீளமூக்குக் குறடால முள்ளைக் கழட்டணும். பயமா இருந்தா நரம்பை வெட்டி விட்டுடுங்க, முள்ளு ரெண்டு ரூபாதான். குத்திட்டா கை பொறுக்கிற அளவு சூட்டுல (45 டிகிரிக்கு மேல போகக்கூடாது) வெந்நீர்ல அரை மணியிலிருந்து ஒண்ணரை மணி நேரம் முக்கி வைக்கணும், சூட்டுல அந்த வலி அடங்கும். முள் உள்ளே ஒடிஞ்சிருந்தாலோ, நெஞ்சுல வயித்துல குத்தியிருந்தாலோ நேரா ஆஸ்பத்திரி. அதனால டீ பிளாஸ்க் ஒண்ணு போதாது, வெந்நீருக்குத் தனியா ஒண்ணு எடுத்துக்குங்க.

பேத்தை மாட்டும். வயித்தை உப்பிக்கிட்டு வேடிக்கையா இருக்கும், நரம்பைப் பல்லால கத்தரிக்கிறதும் அதுதான். சமைச்சாலும் அதோட விஷம் போகாது. வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது.

---

கூடலூர்க்காரி:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடலாமா, இல்ல ஒருத்தர் போடும்போது ஒருத்தர் சும்மா நிக்கணுமா? கம்பு இல்லாம கைத்தூண்டில்லயே போடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார்.

---

ஈயக்குண்டு:

ரெண்டு பேரும் போடலாம், ஆனால் 5 மீட்டர் இடைவெளி விட்டு. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நிற்பவர் முதலில் வீசவேண்டும். மாற்றி வீசினால் மேல்பக்கத்து நரம்பு இழுபட்டு வந்து மற்றதோடு பின்னிக்கொள்ளும். ஒருவருக்கு மீன் மாட்டியதும் மற்றவர் உடனே தன் தூண்டிலைச் சுற்றி எடுத்துவிட்டு வலையைப் பிடிக்கவேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் போனால் நரம்பில் தூக்காதீர்கள், கல் விளிம்பில் உரசி அங்கேயே அறும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது தப்பில்லை. கைத்தூண்டில் என்றால் 0.60 நரம்பு 50 மீட்டர், ஒரு பலகையில் சுற்றியது, ரப்பர் பூசிய துணிக் கையுறை. கல்லடியில் செங்குத்தாக இறக்க அது கம்பைவிட வசதி, பொந்துக்குப் போகும் மீனை நிறுத்துவதும் எளிது. தூரமாக மணலுக்கு வீச மட்டும் ஆகாது. ஒருவர் கம்பு, ஒருவர் கைத்தூண்டில் என்று பிரித்துக்கொண்டால் சிக்கலும் குறையும்.

---

ஐஸ்பெட்டி:

மீன் கொண்டு வருவதைப் பற்றி. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிடித்த மீனை வாளியில் வெயிலில் விட்டு மாலையில் ஐஸ் போட்டால் பயனில்லை, கெடுவது அந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான். உடைத்த ஐஸில் கொஞ்சம் கடல்நீர் ஊற்றிக் கஞ்சி பதத்துக்கு வைத்து, பிடித்த உடனே அதில் போடுங்கள். கட்டி ஐஸைவிட அதில் சீக்கிரம் குளிரும். அயிலை, சூரை வகை கிடைத்தால் இரட்டிப்புக் கவனம்: சூடாகக் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் சேரும், பிறகு எவ்வளவு வேக வைத்தாலும் போகாது, சாப்பிட்டால் முகம் சிவந்து தடிப்பு வரும்.

கிளம்புமுன் குடலும் செவுளும் எடுத்துவிட்டு, கஞ்சி நீரை வடித்து, புது ஐஸ் போட்டு அடுக்குங்கள். பெட்டியின் அடித்துளையைத் திறந்து, உருகும் நீரைப் பிடிக்க ஒரு தட்டு வையுங்கள். ரத்தநீரில் ஊறினால் சதை தொளதொளக்கும். பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வந்தால் நீலகிரி மாவட்ட எல்லையில் பிடிப்பார்கள், தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். எவர்சில்வர் தூக்கும் பெரிய குடிநீர்க் கேனும் வண்டியில் இருக்கட்டும். ஆளுக்கு 3 லிட்டராவது தண்ணீர் வேண்டும். கூடலூர்க் குளிருக்குப் பழகிய உடம்புக்கு அந்தப் புழுக்கம் மதியத்துக்குள் தலைவலியைக் கொடுக்கும்.

ரீல்: வீட்டுக்கு வந்த அன்றே, தூக்கம் வந்தாலும், டிராக்கை இறுக்கி மூடிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாகத் தூவிக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளே போய் பேரிங்கில் உட்காரும். பக்கெட்டில் முக்கவும் வேண்டாம். துடைத்து, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காய வைத்து, கைப்பிடியிலும் நரம்பு உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய். கம்பின் வளையங்களையும் துடையுங்கள். உங்கள் 2500 குளத்து ரீலுக்கு உப்பைத் தடுக்கும் அடைப்பு அநேகமாக இருக்காது. ஒரு வாரம் கழுவாமல் கிடந்தால் இறுகிவிடும்.